ஈரம் வெளியேறும் வழி

புதுச்சேரி நகரின் நடுவே வடக்குத் தெற்காகச் செல்லும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதி, ஈசுவரன் கோயில் வீதி முதலிய தெருக்களில், வெளியே தாழ்வாரமும் திண்ணையும், உள்ளே முற்றமும், அதைச் சூழ்ந்து மரத்தூண்களுமாகக் கட்டப்பெற்ற பழைய வீடுகள் சில இன்றும் எஞ்சி நிற்கின்றன. 1761-இல் ஆங்கிலேயர் கோட்டையையும் அதை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கிய பின்னர், நகரம் மறுபடியும் தலையெடுத்த காலத்திலும் அதை அடுத்து வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் எழுந்த இவ்வீடுகளில் பல, கீழ்த்தளத்தில் தமிழ்க் குடும்பங்களின் ஆசாரங்களுக்கு இசைந்தும், மேல்தளத்தில் வளைவு ஜன்னலும் சுதை வேலைப்பாடும் பூண்டு பிரெஞ்சு ரசனைக்கு இணங்கியும் அமைந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு நிறுவனம் வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீர்படுத்திய பணி, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதையும் பெற்றது.

ஆனால் தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இதமாக முகப்பைச் சீர்படுத்துவது ஒரு காரியம். அந்த முகப்புக்குப் பின்னால், பாகப்பிரிவினைகளில் கழிந்தது போக எஞ்சிய இரண்டு கட்டுகளில், கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று நாலு பேர் இக்காலத்து வசதிகளோடு குடியிருக்கும்படி செய்வது அதைவிடக் கடினமான வேறொரு காரியம். இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது மாடிப்படி எங்கே, படுக்கை அறை எத்தனை, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பவற்றைத்தான். அவையெல்லாம் யோசிக்க வேண்டியவையே எனினும், நூற்றைம்பது ஆண்டு நின்ற ஒரு சுண்ணாம்புக் கட்டடம், புதுப்பித்த பத்தே ஆண்டுகளில் காரை உதிர்ந்து, உத்திரம் இற்று, வாழத் தகாததாகிவிடுவதற்குக் காரணத்தை ஆராய்ந்து பார்த்தால், அது அநேகமாக எப்போதும் நீராகவே இருக்கும். வீட்டுக்குள் நீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்னும் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு மற்றக் கணக்குகள் அவ்வளவு சிரமம் தருவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கணக்கையே இங்கே போட்டுப் பார்க்கலாம். ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டு நகரங்களில் வீட்டு உபயோகத்துக்கென வகுத்திருக்கும் அளவு. நாலு பேருக்கு 540 லிட்டர் ஆகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். புதுச்சேரியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 1,300 மில்லிமீட்டர் என்று கொண்டால், நூறு சதுர மீட்டர் பரப்புள்ள கூரையின்மேல் விழும் மழைநீர் 1,30,000 லிட்டரே. அதாவது, ஐப்பசி கார்த்திகையில் அடித்துப் பெய்து நம்மை அஞ்ச வைக்கும் மழை முழுவதையும் காட்டிலும் மிகுதியான நீரை, குழாய் வழியாக, ஓசையின்றி, நாமே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறோம். பழைய வீட்டைக் கட்டியவர்களுக்கு இந்தப் பிரச்சினையே எழவில்லை. குளிப்பதும் துவைப்பதும் கிணற்றடியில். கழிப்பிடம் தோட்டத்தின் கோடியில். பாத்திரம் துலக்குவது கடைசிக் கட்டுக்கு அப்பால். வீட்டின் நடுப்பகுதிக்குள் வந்த நீர் குடத்தில் வந்தது, குடத்திலேயே இருந்தது. தோட்டமும் கிணற்றடியும் பங்காளி ஒருவருக்குப் போய்விட்ட பிறகு, அந்தக் காரியங்கள் அனைத்தும் சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே குடிபுகுகின்றன.

சுண்ணாம்புச் சுவர் நீரோடு எப்படி உறவாடுகிறது என்பதை அறிந்துகொள்ளச் செங்கல்லிலிருந்து தொடங்க வேண்டும். செங்கல்லும் காரையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த பதார்த்தங்கள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் இத்துளைகள் தரையிலுள்ள ஈரத்தை மேல்நோக்கி இழுக்கின்றன. துளை எவ்வளவு நுண்ணியதோ, ஈரம் அவ்வளவு உயரம் ஏறும். ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆரமுள்ள குழலில் நீர் சுமார் 15 மீட்டர் வரை ஏறும் என்று பௌதிக சாஸ்திரம் கணக்குச் சொல்கிறது. அப்படியானால் நம் பழைய வீடுகள் அனைத்தும் கூரை வரை ஊறிப்போயிருக்க வேண்டுமே, ஏன் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தோடு ஓதம் நின்றுவிடுகிறது என்ற கேள்வி எழும். ஏறுகிற நீர் வழியெல்லாம் சுவரின் இரு முகங்களிலும் ஆவியாகிக்கொண்டே போகிறது. உறிஞ்சப்படும் அளவும் ஆவியாகும் அளவும் சமமாகும் உயரத்தில் ஏற்றம் தானே நின்றுவிடுகிறது. ஆகையால் சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை நிர்ணயிப்பது, தரையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது மாத்திரம் அன்று; சுவரின் முகம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

சிமென்ட் பூச்சு இவ்விடத்தில்தான் கெடுதல் செய்கிறது. லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமென்ட், நம் நாட்டில் போர்பந்தர் ஆலை 1914-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகே மெல்ல மெல்லப் பரவியது. நாம் பேசும் வீடுகள் அதற்கு முன்பே எழுந்துவிட்டவை. ஓதம் ஏறிக் காரை உதிரும் சுவரைக் கண்ட வீட்டுக்காரர், “இடுப்பளவுக்கு நல்ல சிமென்டாகப் பூசிவிடுங்கள்” என்று கொத்தனாரிடம் சொல்கிறார், அவரும் பூசிவிடுகிறார், ஓராண்டு சுவர் அழகாகவே இருக்கிறது. அடர்த்தி மிகுந்த அந்தப் பூச்சுக்குப் பின்னால் ஆவியாக வழியில்லாத நீர், பூச்சு முடிகிற இடத்தைத் தேடி மேலே ஏறி, முன்பு இடுப்பளவில் நின்ற ஓதம் தலையளவில் வெளிப்படுகிறது. அங்கேயும் சிமென்ட் பூசினால் இன்னும் மேலே போகும். மாடிக் கட்டைகள் சுவரில் பதிந்திருக்கும் உயரத்தை அது எட்டும்போது, சுவரின் வியாதி மரத்துக்கும் தொற்றிக்கொள்கிறது.

நீர் தனியாக வருவதுமில்லை. கடற்கரைப் பட்டணத்து மண்ணிலும் காற்றிலும் உள்ள உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டே அது ஏறுகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிப் படிகமாகிறது. சுவரின் மேற்பரப்பிலேயே அது நிகழ்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், துடைப்பத்தால் பெருக்கிவிடலாம். பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் துளைகளுக்குள்ளேயே படிகமானால், வளரும் படிகம் துளையின் சுவரை நெரித்து உடைக்கிறது. சாதாரண உப்பைக் காட்டிலும் சோடியம் சல்பேட்டு இதில் கொடியது. அது நீரை உட்கொண்டு படிகமாகும்போது அதன் பருமன் மும்மடங்குக்கு மேல் பெருகிவிடும். செங்கல் மாவாக உதிர்வதும், சிமென்ட் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போவதும் இதன் விளைவே. பழைய சுண்ணாம்புப் பூச்சோ, செங்கல்லைவிட மிருதுவாகவும் துளைகள் மிகுந்ததாகவும் இருப்பதால், உப்பின் தாக்குதல் முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டு உதிர்ந்து, செங்கல்லைக் காப்பாற்றிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிப்பகுதியில் பூச்சைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதைக் கண்டு, “சுண்ணாம்பு நிற்காது” என்று குறை சொல்லும் வழக்கம் இருக்கிறது. தன் வேலையைச் செய்து முடித்ததற்காக ஒரு பொருளைக் குறை சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை.

சுண்ணாம்பின் ரசாயனம் அறிந்துகொள்ளச் சுவாரசியமானது. கல்லோ கிளிஞ்சலோ எதுவாயினும் அது கால்சியம் கார்பனேட்டுத்தான். காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுடும்போது, நூறு கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிட, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. இதைத் தொட்டியில் இட்டு நீர் விடும் காட்சியைக் கிட்ட நின்று கவனிக்க வேண்டும். முதற்சில கணங்கள் ஒன்றும் நிகழாதது போலிருக்கும், பிறகு கட்டிகளுக்குள்ளிருந்து சீறல் கேட்கும், விரிசல்கள் ஓடும், நீர் கொதிக்கத் தொடங்கி, ஆவி முகத்தில் அடிக்கும், கட்டிகள் வெடித்து, மலர்ந்து, பொலபொலவென்று சரிந்து, கடைசியில் தயிரின் வழவழப்போடு ஒரு வெண்குழம்பு அடங்கிக் கிடக்கும். நீற்றிய இந்தச் சுண்ணாம்பை நீருக்கடியில் எவ்வளவு காலம் வைத்திருக்கிறோமோ அவ்வளவுக்கு அதன் துகள்கள் நுண்மையாகிப் பதம் ஏறும். மூன்று வருஷத்துக்குக் குறைவான சுண்ணாம்பை உபயோகிக்கக் கூடாது என்று பண்டைய ரோமாபுரிக் கட்டட விதிகளில் இருந்ததாக ரோம நூலாசிரியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது தான் பிறந்த கல்லாகவே, மாறுகிறது. மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிச் செல்வது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது தோராயமான கணக்கு. முழுவதும் கல்லாகாமல் உள்ளே எஞ்சிய சுண்ணாம்பு, மயிரிழை போன்ற விரிசல் காணும்போது மழை ஈரத்தில் கரைந்து வந்து விரிசலிலேயே படிந்து அதை மூடிவிடுவதும் உண்டு. அரை நூற்றாண்டில் சற்றே அமிழ்ந்த அஸ்திவாரத்தின்மேல் நிற்கும் நீண்ட சுவர்கள் பிளவுபடாமல் இருப்பதற்கு இந்த இளக்கமும் ஒரு காரணம்.

இதனோடு நம் கொத்தனார்கள் சேர்த்த சரக்குகளைப் பற்றிப் பலவிதமான கதைகள் உலவுகின்றன. அவற்றில் விஞ்ஞானத்துக்கு ஒத்தவை பல உண்டு. அதிகம் வேகாத செங்கல்லை இடித்த சுர்க்கித் தூளிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடி, காற்றின் உதவியின்றியே இறுகும் சேர்மங்களைத் தருகின்றன. வெசூவியஸ் எரிமலை அருகிலுள்ள பொசுவோலியின் சாம்பலைக் கொண்டு ரோமர்கள் நீருக்கடியில் கட்டடம் கட்டியதும் இதே ரசாயனத்தால்தான். பனைவெல்லத்திலுள்ள சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைப் பன்மடங்கு உயர்த்துகிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் கலவையை இழைவாக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், சுண்ணாம்புக்கு உறுதுணையான அதே சர்க்கரை சிமென்ட் கலவையில் சிறிதளவு கலந்துவிட்டாலும் அதை இறுகவொட்டாமல் தடுத்துவிடும். ‘பழைய முறைப்படி’ என்று சொல்லிக்கொண்டு சிமென்ட் கலந்த சுண்ணாம்பில் வெல்லத் தண்ணீரையும் ஊற்றுகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

சுவரை விட்டுக் கூரைக்கு வருவோம். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் வழங்கும் மட்டப்பாவே இவ்வீடுகளின் கூரை. சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பரப்பிய தேக்குக் கட்டைகளின்மேல், ஓர் அங்குலக் கனமேயுள்ள சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் சுண்ணாம்பு தடவி ஒட்டிக்கொண்டே போவார்கள். சாரம் எதுவும் கீழே தாங்குவதில்லை. முந்தைய வரிசையில் ஒட்டிய கல்லே அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி, கைக்கட்டையால் தட்டித் தட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே, பாட்டோடு நாட்கணக்கில் அடிப்பார்கள். தட்டிய கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழும்போதுதான் மேஸ்திரி வேலை முடிந்ததென்று ஒப்புக்கொள்வார். பிறகு அதன்மேல் தட்டோடு பதித்து, மழைநீர் வடிய வாட்டம் கொடுப்பார்கள். இந்த வாட்டம் கெடாமலும், தூம்புவாயில் ஆலங்கன்று முளைக்காமலும் பார்த்துக்கொள்ளும் வரையில் கூரைக்கு ஆபத்தில்லை. கெட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைக் கடற்கரைச் சாலையில் நகரமே பார்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம், நெடுநாள் கவனிப்பாரற்று நின்று, 2014 நவம்பர் மாதத்துப் பெருமழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே அதை மறுபடி எழுப்பித் திறக்க 2021 ஆகிவிட்டது.

வீடு வாங்குகிறவர் முதலில் பரிசோதிக்க வேண்டியது இந்தக் கட்டைகளின் முனைகளை. நடுப்பகுதி எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், சுவருக்குள் மறைந்திருக்கும் கடைசி அரையடியே மரத்தின் ஜீவஸ்தானம். மரத்தின் ஈரம் இருபது சதவீதத்துக்குள் இருக்கும்வரை மரத்தைத் தின்னும் பூஞ்சை தழைக்க முடியாது. சுவரின் ஓதம் அதை முப்பதுக்கு உயர்த்திவிட்டால் தேக்கும் தப்பாது. தேர்ந்த தச்சர் சுத்தியின் பின்புறத்தால் முனையருகே தட்டுவார், ‘டங்’கென்று ஒலித்தால் மேலே நடப்பார், ‘பொத்’தென்று ஒலித்தால் கூராணி ஒன்றை அழுத்திப் பார்ப்பார், நல்ல தேக்கில் நுனிகூட இறங்காத ஆணி, இற்ற மரத்தில் விரற்கடை ஆழம் போய்விடும். இதற்காகக் கட்டை முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. இற்ற முனையை வெட்டி எறிந்து, இடித்த வீடுகளில் கிடைக்கும் பழந்தேக்கைச் சாய்வெட்டாகப் பொருத்தித் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளால் பிணைத்து, முனை பதியும் குழியில் சுற்றிலும் காற்று உலவச் சிறிது இடைவெளி விட்டால் அது இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். குழியைச் சிமென்டால் இறுக அடைத்துவிடுவதுதான் சாதாரணமாக நடக்கிறது.

இனி, 540 லிட்டர் நீரை எங்கே வைப்பது என்ற பழைய கேள்விக்குத் திரும்பலாம். பழைய சுவர்களைத் தொடாமல், பின்கட்டில் ஒரே இடத்தில், சமையலறையின் கழுவுமிடமும் கீழ்த்தளக் குளியலறையும், அவற்றுக்கு நேர்மேலே மாடிக் குளியலறையுமாக அடுக்கி, அந்த அடுக்கை மாத்திரம் தனிக் காங்கிரீட்டுக் கூடாக எழுப்புவது நான் பார்த்தவற்றுள் சிறந்த தீர்வு. புதிய கூட்டுக்கும் பழைய சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தால், குழாய்கள் அதனூடே செல்லும். ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். சுவரை உடைக்காமல் பழுது பார்க்கலாம். இக்கூட்டைப் பிற்காலத்தில் ஒருவர் வேண்டாமென்று அகற்றினாலும் பழைய வீடு சேதமின்றி நிற்கும். பழைய கட்டடத்தைச் சமுதாயத்துக்குப் பயன்படும் காரியத்துக்கு உபயோகிப்பது அதன் பாதுகாப்புக்கே அனுகூலம் என்று 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த உபயோகம் கட்டடத்தின் அமைப்பை மாற்றிவிடக் கூடாதென்றும் அது விதிக்கிறது. குடும்பம் வாழ்வதைக் காட்டிலும் பொருத்தமான உபயோகம் ஒரு வீட்டுக்கு வேறு என்ன இருக்க முடியும்?

மெட்ராஸ் டெரஸின்மேல் குளியலறை வைக்கும் ஆசை மாத்திரம் கூடாது. எத்தனை ரசாயனப் பூச்சுப் பூசினாலும் நாள்தோறும் நனையும் தளத்தில் என்றேனும் ஓர் இணைப்பு விடும். கீழே கட்டைகள் காத்திருக்கின்றன.

முற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். இடம் போதாத குடும்பத்துக்கு முற்றம் ஒரு வீண்செலவாகத் தோன்றுவது இயற்கை. கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு இறுக மூடி, அதைக் கூடமாக்கிவிடுகிறார்கள். ஆனால் முற்றம் திறந்திருந்தால், வீட்டினுள் சூடேறிய காற்று இலேசாகி மேலெழுந்து அதன் வழியே வெளியேற, தெருப்பக்கத்துக் காற்று அதன் இடத்துக்கு உள்ளே வருகிறது. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் ஜன்னலே வைக்க இயலாத நடு அறைகள் உலர்வதற்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. மூடித்தான் ஆகவேண்டும் என்றால், கூரைக்கு மேலே இரண்டடி உயர்த்தி, நாற்புறமும் காற்று போகச் சட்டம் விட்டு மூடினால் மழையும் நிற்கும், காற்றும் போகும். பழைய வீடு எப்போதும் குளுமையாகவே இருக்கும் என்று சொல்லுபவர்களோடு நான் முழுதும் உடன்படுவதில்லை. ஒன்றரை அடிக் கனமுள்ள செங்கற்சுவர் பகலின் வெப்பத்தை ஏறக்குறைய அரைநாள் தாமதித்து உள்ளே விடுகிறது. பாலைவனத்தில் இரவு குளிர்ந்துவிடுவதால் அது வரப்பிரசாதம். வைகாசி மாதத்துப் புதுச்சேரியில் இரவும் புழுங்குவதால், பகலில் சேர்ந்த சூடு படுக்கும் நேரத்தில் முதுகில் வந்து அடிக்கிறது. அக்காலத்து மனிதர் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுத்ததற்கு இதுவே காரணம். ஆகவே ஓர் அறைக்குக் குளிர்சாதனம் வைப்பதில் குற்றமில்லை. ஆனால் கடற்கரை ஈரக்காற்று 25 டிகிரி அளவிலேயே பனித்துவிடும் நாட்கள் பல உண்டு. அறையை 20-க்குக் குளிர வைத்தால், அடுத்த அறையின் ஈரக்காற்று அதே சுவரின் மறுமுகத்தில் நீராகக் கோத்துக்கொள்ளும். 26-இல் நிறுத்தி மின்விசிறியையும் சுழலவிட்டால் உடம்புக்கும் போதும், சுவருக்கும் போதும்.

இத்தனையும் செய்ய முனைபவர் பஞ்சாங்கத்தையும் பார்க்கவேண்டும். நாளுக்காக அன்று, மழைக்காக. சுண்ணாம்பு வேலை தையில் தொடங்கினால் ஆவணிக்குள் பூச்சு ஓரளவு இறுகி, மழைக்காலத்தைத் தாங்கும். ஐப்பசியில் பூசி, கார்த்திகையில் கிரகப்பிரவேசம் வைத்து, இடையே எமல்ஷன் சாயமும் அடித்துவிட்டால், சாயத்தின் பிளாஸ்டிக் ஏட்டுக்குப் பின்னால் பூச்சு பச்சையாகவே இருந்து, பங்குனியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். முதலாண்டு வெறும் சுண்ணாம்பு அடித்துவிட்டு, நிறத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பது நலம்.

கடைசியாக, முன்பே யாரோ சிமென்ட் பூசிவைத்த வீட்டை வாங்கியவர் என்ன செய்வது? முழுவதையும் கொத்தி எடுத்துவிடுங்கள் என்று ஏட்டளவில் சொல்லிவிடலாம். அறுபது ஆண்டு ஒட்டிக்கிடந்த சிமென்டைப் பெயர்த்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வருகிற வீடுகளே அதிகம். மருந்தே நோயைவிடக் கொடிதாகிவிடும். உளியை மென்மையாகப் பிடித்து, ஒரு சதுர அடியில் சோதித்துப் பார்த்து, இலகுவாகக் கழன்றால் எல்லாவற்றையும் எடுக்கலாம்; கழலாவிட்டால் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் மாத்திரம் பொறுமையாக எடுத்துச் சுண்ணாம்பு பூசி, மேலே இருப்பதை அப்படியே விட்டுவிடுவது உத்தமம். கீழே திறந்துவிட்ட அந்த ஒரு மீட்டரில் முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கு உப்பு தாராளமாகப் பூக்கும். ஈரத்துணியால் துடைத்தால் மறுபடி கரைந்து உள்ளேயே போய்விடுமாகையால், காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி, முறத்தில் அள்ளித் தெருவுக்கு அப்பால் கொட்டவேண்டும்.